பொதுப்பலகையும் மறதியும்

கலைப்பீடத்தின் நுழைவாயிலை அடுத்துள்ள சுவரில் அறிவித்தற் பலகை ஒன்று உண்டு. விரிவுரை நேரமாற்றம், பரீட்சை அட்டவணை, சங்கக் கூட்டம், காணாமற்போன குடை, விற்பனைக்குள்ள துவிச்சக்கரவண்டி ஆகிய யாவும் அதிலே இடம்பெறும். ஒட்டுபவர் யார், வாசிப்பவர் யார் என்பதைப் பலகை கேட்பதில்லை. ஒட்டியவர் சென்ற பின்னரும் கடதாசி அங்கேயே இருக்கும். வாசிக்கவேண்டியவர் நாளையோ மறுவாரமோ வந்து வாசித்துக்கொள்வார். ஒருவரையொருவர் அறியாத பலர், ஒரே வேளையில் ஓரிடத்திற் கூடாமலே தம்முட் காரியம் நடத்திக்கொள்வதற்கு இதனினும் எளிய சாதனம் பிறிதில்லை எனலாம்.

ஆயின் பலகையின் பரப்பு வரையறைப்பட்டது. புதியதற்கு இடம் வேண்டுமாயின் பழையது நீங்கவேண்டும். எது பழையது என்று தீர்மானிப்பவர் யார்? இவ்வினா மிகச் சிறியதாகவே தோன்றும். ஆனால், புவியியல் பயிலும் மாணவன் ஒருவனுக்கு அது சிறியதாக இருக்கவில்லை.

அவன் படுவான்கரைக் கிராமமொன்றைச் சேர்ந்தவன். மார்கழி விடுமுறை முடிந்து திரும்பவேண்டிய வேளையில் மழைவெள்ளம் பாதையை மூடிற்று. பல்கலைக்கழகத்துக்கு ஒன்பது நாட்கள் பிந்தியே வந்து சேர்ந்தான். விடுதி அனுமதிக்கான நேர்முகம் அதற்குள் முடிந்திருந்தது. அது அவன் எதிர்பார்த்ததே. அவன் எதிர்பாராதது பின்னரே தெரியவந்தது. அவ்வறிவித்தலின் இறுதிப் பந்தியில், தகுந்த காரணத்தினால் நேர்முகத்துக்குச் சமுகமளிக்க இயலாதோர் இரு வாரங்களுக்குள் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம் என்று கூறப்பட்டிருந்ததாம். அந்தப் பந்தியை வாசிக்க அவனுக்கு வாய்ப்புக் கிட்டவில்லை. நேர்முகத்துக்கு மறுநாளே சிற்றூழியர் கடதாசியை அகற்றிவிட்டார். செய்தி அவன் காதுக்கு எட்டியபொழுது இரு வாரங்களும் கழிந்திருந்தன. அதே பலகையின் மூலையிலோ, இரண்டாண்டுகளுக்கு முன் பட்டம்பெற்றுச் சென்ற ஒருவரின் துவிச்சக்கரவண்டி இன்னமும் விற்பனைக்கு இருந்தது.

அவன் சிற்றூழியரிடம் சென்று முறையிட்டான். அவர் சினக்கவில்லை.

“தம்பி, தலைப்பில கிடந்த திகதி முடிஞ்சு போச்சு. அதாலதான் கழட்டினனான். ஒருத்தன் வெள்ளத்துக்குள்ள நிக்கிறான் எண்டு பலகைக்குத் தெரியுமே?”

அவ்வினாவுக்கு அவனிடம் விடை இருக்கவில்லை. விடுதி கிடையாமையால் அவன் வாடகை அறையொன்றிலே தங்கவேண்டியதாயிற்று. வாடகையைப் பகிர்ந்துகொண்டவன், அவனோடு ஒரே பாடசாலையிற் பயின்று, இப்போது கணனி விஞ்ஞானம் கற்கும் நண்பன். அன்றிரவு நடந்ததைக் கேட்ட நண்பன், “உங்கட பலகையின் வருத்தத்துக்கு எங்கட துறையில அறுபது வருசமா மருந்து தேடுறாங்கள்” என்றான். அதனைத் தொடர்ந்து அவன் விளக்கியவை, கலைப்பீட மாணவனின் சிந்தையை ஒரு பருவம் முழுவதும் விட்டகலவில்லை.

கணனியின் நினைவகமும் வரையறைப்பட்டதொரு பலகையே. செய்நிரல்கள் அதிலே தமக்கு வேண்டிய பொருள்களை எழுதி வைக்கின்றன. வேலை முடிந்த பொருளை அகற்றாவிடின் நினைவகம் நிரம்பிவிடும். முடியாத பொருளை அகற்றின் செய்நிரல் தடுமாறி விழும். 1960ஆம் ஆண்டில், லிஸ்ப் என்னும் கணனிமொழியை ஐ.பி.எம். 704 இயந்திரத்துக்கென அமைத்த ஜோன் மக்காத்தி, இதற்கு அழகியதொரு முறையைக் கூறினார். செய்நிரல் நேரடியாகப் பற்றியிருக்கும் பொருள்கள் வேர்கள் எனக் கொள்ளப்படும். வேர்கள் சுட்டும் பொருள்கள், அவை சுட்டும் பொருள்கள் எனத் தொடர்ந்து சென்று எட்டியவற்றுக்கெல்லாம் அடையாளம் இடவேண்டும். அடையாளம் பெறாது எஞ்சுவன குப்பை. அவ்வாண்டிலேயே ஜோர்ஜ் கொலின்ஸ் மற்றொரு முறையை வெளியிட்டார். ஒவ்வொரு பொருளையும் எத்தனை சுட்டுகள் சுட்டுகின்றன என எண்ணி வரவேண்டும்; எண்ணிக்கை பூச்சியமாகும் கணத்திற் பொருளை அகற்றலாம். இம்முறையின் குறையை 1963இல் மக்பெத் என்பவர் எடுத்துக்காட்டினார். இரு பொருள்கள் ஒன்றையொன்று சுட்டி நிற்குமாயின், உலகிலே வேறெவரும் அவற்றை நாடாதபோதிலும் எண்ணிக்கை பூச்சியமாகாது.

மக்காத்தியின் முறையிலே ஊகம் என்பது சிறிதுமில்லை. எட்டமுடியாத பொருளை இனி எக்காலத்தும் எவரும் எட்டப்போவதில்லை. ஆகவே அதனை அகற்றுதல் நிறுவப்பட்ட நீதியாகும். ஆனால், இந்நீதி ஒரு நிபந்தனையிற் றங்கியுள்ளது. வேர்கள் யாவை என்பது முழுமையாகத் தெரிந்திருக்கவேண்டும். ஒரே இயந்திரத்துள், ஒரே செய்நிரலின் எல்லைக்குள், அது தெரியும். மதிலுக்குள் இருப்போரை எண்ணிவிடலாம். மதிலே இல்லாதவிடத்து யாரை எண்ணுவது?

அத்தகைய மதிலில்லா உலகமொன்றை 1985இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கெலேர்ன்ரர் ஒரு கட்டுரையிலே விரிவாக விளக்கினார். லிண்டா என்பது அதன் பெயர். பல கணனிகளிற் பரம்பியுள்ள செய்நிரல்கள் ஒன்றுக்கொன்று நேரடியாகச் செய்தி அனுப்பாமல், யாவர்க்கும் பொதுவான வெளியொன்றிற் சிறு குறிப்புகளை இடும். குறிப்பை இடுதல், பொருந்தும் குறிப்பை எடுத்துவிடுதல், எடுக்காமல் வாசித்தல், புதிய செயலொன்றைத் தொடக்கி அதன் விளைவைக் குறிப்பாக்குதல் என அடிப்படைச் செயல்கள் நான்கே. குறிப்புக்கு முகவரி இல்லை. வேண்டுபவர் அதன் உள்ளடக்கத்தைக் கூறியே தேடுவார். “முதற் சொல் ‘விடுதி’, இரண்டாவது ஓர் எண், அது எதுவாயினும் ஆகுக” என்று மாதிரியைக் கொடுத்தால், அதற்குப் பொருந்தும் குறிப்பு ஒன்று கிடைக்கும். இல்லையேல், ஒன்று வரும்வரை காத்திருக்கலாம். இட்டவர் மறைந்த பின்னரும் குறிப்பு வாழும். எடுப்பவர், குறிப்பு இடப்பட்ட காலத்திற் பிறந்திருக்கவேண்டும் என்பதுமில்லை. பிற்காலத்தில் கெலேர்ன்ரரும் நிக்கலஸ் கரியேறோவும் இத்தகைய மொழிகளை இணைப்பாக்க மொழிகள் என வகுத்துப் பேசினர். கணித்தல் ஒரு கலை. கணிப்போரை இணைத்தல் பிறிதொரு கலை என்பது அவர்தம் கொள்கையாகும்.

நண்பன் இதனை விளக்கியபொழுது, “இது எங்கட பலகைதானே!” என்று மாணவன் வியந்தானாம். பலகையின் நன்மைகள் யாவும் லிண்டாவிலே உண்டு. பலகையின் நோயும் உண்டு.

அந்நோயின் மூலம் இது: உள்ளடக்கத்தைக் கூறி எவரும் எதனையும் கேட்கலாம் என்றால், எந்தக் குறிப்பையும் குப்பையென நிறுவ இயலாது. இன்று அதனை நாடுவார் ஒருவருமில்லை. நாளை புதிதாக வந்து சேரும் செய்நிரல் அதற்குப் பொருந்தும் மாதிரியைக் கையிற் கொண்டு வரலாம். எவரும் எப்பொழுதும் வந்து சேரலாம், எப்பொழுதும் விலகலாம் என்பதே திறந்த தொகுதியின் இலக்கணம். ஆகவே இங்கு வேர்களின் பட்டியல் ஒருபோதும் முற்றுப்பெறுவதில்லை. அதிலே இனி வரப்போகின்றவர்களின் பெயர்களும் அடங்கவேண்டும்; அவர்களோ இன்னும் வரவில்லை.

இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழகத்தில் ரொனால்டோ மெனெசெஸ், அலன் வூட் ஆகியோர் 1990களின் பிற்பகுதியில் இச்சிக்கலை ஆராய்ந்தனர். தனிக்குறிப்புகளை விடுத்து, குறிப்புகளைக் கொண்ட வெளிகளை அகற்றுவதிலே அவர்கள் கருத்தைச் செலுத்தினர். ஒரே வெளிக்குப் பதிலாகப் பல வெளிகள் இருக்குமாயின், ஒவ்வொன்றுக்கும் ஊகித்தறிய முடியாத திறவுகோல் ஒன்று அமையும். திறவுகோல் எவர் கையிலும் இல்லை, எட்டக்கூடிய எந்தக் குறிப்பிலும் அது எழுதப்படவில்லை என்றால், அவ்வெளியுட் புகுவதற்கு வழியே இல்லை. புதிதாக வருபவருங்கூட அதனை வேறெங்கிருந்தும் பெறமுடியாது. இங்கே மக்காத்தியின் நீதி ஓரளவுக்கு உயிர்பெறுகிறது. ஆயினும், எத்திறவுகோல் எவர் கையில் உள்ளது என்பதை ஒருவர் அறிந்திருக்கவேண்டும் என்னும் புதிய கடமையும் உடன்பிறக்கிறது.

கணனிகள் தூரத்தே பிரிந்திருக்கும்போது இக்கடமை எளிதன்று. ஒருவன் தன் திறவுகோலின் பிரதியைத் தோழனுக்குக் கொடுத்துவிட்டு, “ஒன்று கூட்டுக” என்று செய்தி அனுப்புகிறான் எனக் கொள்வோம். அச்செய்தி வழியிலே தாமதிக்கின்றது. இதற்கிடையில் அவனே தன் பிரதியைக் கைவிட்டு “ஒன்று கழிக்க” என அனுப்பிய செய்தி முந்திச் சென்று சேர்கின்றது. எண்ணிக்கை பூச்சியமாகிவிடும், தோழன் கையிற் றிறவுகோல் இருக்கவே வெளி அழிக்கப்படும். 1987இல் டேவிட் பெவன் ஒருபுறமும், போல் வற்சன், இயன் வற்சன் ஆகியோர் மறுபுறமுமாக இதற்கு ஒரு பரிகாரம் கூறினர். ஒவ்வொரு சுட்டுக்கும் ஒரு நிறை கொடுக்கப்படும். பிரதி செய்யும்போது நிறை இரண்டாகப் பகிரப்படும், எவர்க்கும் அறிவிக்கவேண்டியதில்லை. கைவிடும்போது மாத்திரம் தன் நிறையைத் திருப்பி அனுப்பினாற் போதும். கூட்டும் செய்தி என்பதே இல்லாமையால், அதனைக் கழிக்கும் செய்தி முந்துவதற்கும் இடமில்லை.

இம்முறை செம்மையானதே. ஆனால், நிறையைக் கையில் வைத்திருந்தவன் ஒரு சொல்லும் கூறாமல் மாண்டுபோனால்? மின்சாரம் தடைப்பட்டுக் கணனி நின்றுவிட்டால்? அவன் நிறை என்றும் திரும்பாது. அப்பொருள் என்றென்றும் நிலைத்திருக்கும். பட்டம்பெற்றுச் சென்றவரின் துவிச்சக்கரவண்டி பலகையில் நிலைத்தது இவ்வாறேயாம்.

மாண்டவனைக் கண்டறிந்து அவன் பொருள்களை நீக்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். லிண்டா விளக்கப்பட்ட அதே 1985ஆம் ஆண்டில் மைக்கேல் பிஷர், நான்சி லின்ச், மைக்கேல் பற்றர்சன் ஆகிய மூவரும் வெளியிட்ட முடிவு ஒன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. செய்தி சென்றுசேரும் காலத்துக்கு மேலெல்லை இல்லாத தொகுதியில், ஒரேயொரு கணனி செயலிழக்கக்கூடும் என்றாலும், ஏனையோர் யாவரும் ஒருமித்த முடிவொன்றுக்கு வந்தே தீருவர் என்று உறுதியளிக்கும் திட்டவட்டமான வழிமுறை எதுவும் இருக்கமுடியாது என அவர்கள் நிறுவினர். அங்கே மாண்டவனையும் தாமதித்தவனையும் பிரித்தறிய வழியில்லை என்பதே அதன் உட்கிடை. இருவரிடமிருந்தும் வருவது மௌனம் ஒன்றே. படுவான்கரையிலே வெள்ளம் வடியக் காத்திருந்தவனும், படிப்பைக் கைவிட்டு ஊரோடு தங்கிவிட்டவனும், பலகையின் முன் நிற்பவருக்கு ஒரே தன்மையர்.

நிறுவ இயலாதவிடத்து மனிதர் உடன்பாடு செய்துகொள்வர். கணனி அறிஞரும் அதனையே செய்தனர். வயலைக் குத்தகைக்கு விடுவதுபோலக் காலத்தைக் குத்தகைக்கு விடும் முறையை 1989இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரி கிறே, டேவிட் செரிட்டன் ஆகியோர் எடுத்துரைத்தனர். கோப்புகளின் பிரதிகள் பல கணனிகளில் இருக்கும்போது அவை முரண்படாமற் காப்பதே அவர்களின் நோக்கம். பின்னர் அம்முறை வேறு பல இடங்களுக்கும் பரவிற்று. குறித்த காலத்துக்கு மட்டுமே உரிமை வழங்கப்படும். தொடர்ந்து வேண்டுபவர் காலம் முடியுமுன் வந்து புதுப்பிக்கவேண்டும். வராதவர் மாண்டாரா, தாமதித்தாரா, மறந்தாரா என்ற விசாரணை இல்லை. காலம் முடிந்தால் உரிமையும் முடியும். ஜாவா மொழியிலே தொலைவிலுள்ள பொருளைப் பற்றியிருப்பதற்கு வழமையாக வழங்கப்படும் குத்தகை 10 நிமிடம். லிண்டாவின் வழித்தோன்றலாகச் சன் மைக்றோசிஸ்ரம்ஸ் நிறுவனம் 1990களின் இறுதியில் ஆக்கிய ஜாவாஸ்பேசஸ் என்னும் பொதுவெளியில், குறிப்பை இடும்போதே எவ்வளவு காலம் அது இருக்கவேண்டும் என்று கேட்கவேண்டும். வெளி அக்காலத்தையோ அதனிற் குறைந்ததையோ வழங்கும். இன்று பெருந்தொகையான கணனிகளை இணைப்பாக்கம் செய்யும் ஸூகீப்பர் போன்ற தொகுதிகளிலும், தொடர்பு குறித்த காலத்துக்கு மேல் அறுந்தால் தாமே மறையும் குறிப்புகள் உண்டு.

இதனைக் காண நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. நூலகத்தின் கம்பியில்லா இணைப்பிற் கைத்தொலைபேசியைத் தொடுப்பவர் யாவரும் குத்தகைக்காரரே. 1997இல் இன்றைய வடிவம் பெற்ற டி.எச்.சி.பி. என்னும் ஒழுங்கின்படி, கருவிக்கு ஒரு முகவரி தவணை முறையிலேயே கிடைக்கும். தவணை 24 மணித்தியாலம் ஆயின், 12ஆம் மணியில் அது வழங்கியவரிடமே புதுப்பிக்கக் கேட்கும். பதில் இல்லையேல் 21ஆம் மணியிலிருந்து வேறு யாரேனும் புதுப்பித்துத் தருவாரோ என்று பொதுவிற் கேட்கும். கடைசிக் கணம் வரை காத்திராமல் பாதிவழியிலேயே கேட்கத் தொடங்குவதன் காரணம், செய்திகள் தாமதிக்கும், தொலையும் என்பதை ஒழுங்கை வகுத்தோர் அறிந்திருந்தமையே.

குத்தகைக்கும் விலை உண்டு. ஆயிரம் கணனிகள் 10 செக்கன் தவணை பெற்று, பாதியிற் புதுப்பிக்கும் எனின், செக்கனுக்கு 200 புதுப்பித்தற் செய்திகள் பாயும். தவணையை 10 நிமிடமாக்கினால் அது செக்கனுக்கு மூன்றரைக்கும் குறைவாகும். ஆனால், மாண்டவனின் பொருள் பத்து நிமிடம் வரை இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். இருவரின் கடிகாரங்களும் வேறுபடலாமாதலின், பெற்றவன் தவணை முடிவதற்குச் சற்று முன்னரே முடிந்ததாகக் கொள்ளுதல் நலம். இவை யாவும் கணக்கிலே அடங்கும் விலைகள். கணக்கில் அடங்காத விலை ஒன்றும் உண்டென்பதை அம்மாணவன் பின்னரே கண்டான்.

பழைய முறையிலே, ஒரு பொருளை அகற்ற விரும்புபவனே அது எவர்க்கும் வேண்டாதது என்று காட்டவேண்டும். குத்தகை முறையிலே அச்சுமை இடம்மாறுகிறது. வேண்டுபவனே தவணைதோறும் வந்து தன் தேவையைக் கூறவேண்டும். வரக்கூடியவர்க்கு இது பெரிய சுமையன்று. ஆனால், பொதுவெளியிலே தவணையைப் புதுப்பிப்பவன் குறிப்பை இட்டவன். அதனை வாசிக்க இனிமேல் வரவேண்டியவன் எந்தத் தவணையையும் புதுப்பிக்க முடியாது. தனக்கென ஒரு குறிப்பு அங்கு இருப்பதையே அவன் அறியான். உடன்பாடு செய்துகொள்ளும் அவையில் அவனுக்கு ஆசனம் இல்லை. அவனுக்காகப் பேசக்கூடியவன், குறிப்பை இடும்போது தவணையைக் கேட்கின்ற எழுத்தாளன் ஒருவனே.

இவ்வாறு எண்ணியபோது சிற்றூழியர்மீதிருந்த மனத்தாங்கல் அவனைவிட்டு நீங்கிற்று. அவர் தம்மால் அறியக்கூடியதைக்கொண்டே நடந்தார். தவறு அறிவித்தலை வரைந்தவரிடம் இருந்தது. வந்தவர்களுக்குரிய நாளைத் தலைப்பிலும், வராதவர்களுக்குரிய நாளை இறுதிப் பந்தியிலும் எழுதிவிட்டு, இவற்றுள் எதுவரை கடதாசி இருக்கவேண்டும் என்பதைக் கூறாமலே அவர் விட்டுவிட்டார்.

மாணவன் இதனை ஒரு கடிதமாக எழுதவில்லை. சிற்றூழியரிடமே சென்று, ஒவ்வொரு கடதாசியின் அடியிலும் அது இருக்கவேண்டிய இறுதித் திகதியை எழுதுவித்தால் என்ன என்று கேட்டான். அவர் சற்றுநேரம் சிந்தித்தார்.

“நல்ல யோசனைதான், தம்பி. நாள் போடாத கடதாசி ரெண்டு கிழமைதான் நிக்கும் எண்டு மேல எழுதி வைப்பம். கழட்டினதுகளை எறியாமல் ஒரு மாசம் கோவையில வைச்சிருக்கிறன். பிந்தி வாறவன் கேட்டால் எடுத்துக் காட்டலாம்.”

கோவையைப் பற்றி மாணவன் கூறியிருக்கவில்லை. அது அவராகவே சேர்த்தது. பலகையிலிருந்து நீங்குதலும் அடியோடு அழிதலும் ஒன்றல்ல, இரண்டுக்கும் இடையே பிந்தி வருபவனுக்குச் சிறிது கால அவகாசம் வைக்கலாம் என்பதை, எந்த நூலையும் படிக்காமலே அவர் அறிந்திருந்தார்.

துவிச்சக்கரவண்டிக்கும் இரண்டு கிழமைத் தவணை வழங்கப்பட்டது. புதுப்பிக்க ஒருவரும் வரவில்லை. அக்கடதாசி நீங்கியபின், அதன் அளவுக்குப் பலகையின் பழைய நிறம் சிலகாலம் தெரிந்தது. அடுத்த ஆண்டு விடுதி அறிவித்தல் வந்தபோது அதன் அடியில் ஒரு திகதி இருந்தது. அது நேர்முக நாளன்று. அதற்குப் பதினான்கு நாட்கள் பிந்திய திகதி.